கொழிஞ்சாம்பாறை ஜவுளிக்கடையை யார் பிடிக்க முடியும்?

கேரள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் எங்கள் குடும்ப ஜவுளிக்கடை, ஓண வியாபாரம் முடிந்த மூன்றாம் நாள். கூட்டம் வடிந்து, விற்காமல் மிஞ்சிய கசவு வேட்டிகளைப் பையன்கள் மறுபடி மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் மாமா என்னைக் கல்லாவுக்குப் பின்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார். பொள்ளாச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதுகிறேன், அதனால் கம்பெனிச் சட்டம் மொத்தமும் எனக்கு அத்துப்படி என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"ஏன் மாப்ளே, இந்தப் பெரிய கம்பெனிக்காரங்க நாம சம்மதிக்காமயே நம்ம கடையப் புடிச்சுக்க முடியுமா?"

கோயம்புத்தூர் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோர் ரிலையன்ஸ் ரீடெயில் கைக்குப் போன கதையை யாரோ அவரிடம் புதிதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது பேசி, விலை முடிவு செய்து விற்றது, யாரும் பிடுங்கவில்லை என்று சொன்னேன். "அப்ப புடுங்கறதுன்னா எப்படி?" என்றார். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் முழுசாக எழுதிப் பார்க்கிறேன்.

கடையை நடத்துகிற குடும்பத்துக்கு விருப்பம் இல்லாமல், போர்டும் வேண்டாம் என்று சொல்லும்போது, மற்றப் பங்குதாரர்களிடம் நேராகப் போய் பங்கை வாங்கி நிர்வாகத்தை எடுத்துக்கொள்வதுதான் ஹாஸ்டைல் டேக்ஓவர். பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிக்கு இது நடக்கலாம், பங்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதால். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு நேரடியாக நடக்காது, அங்கே பங்கு கைமாறுவதற்குக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். போத்தீஸ், சென்னை சில்க்ஸ் மாதிரி தெற்கில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய ஜவுளிக்கடைகள் சந்தைக்கே வராமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் வராமல் இருப்பதே பெரிய பாதுகாப்புதான்.

சந்தையில் இருக்கிற கம்பெனிக்கு, பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி 2011-இல் போட்ட விதி இது. 5 சதவீதத்தைத் தொட்டால் வெளியே சொல்ல வேண்டும். 25 சதவீதத்தைத் தொட்டால் மற்றவர்களிடமிருந்து குறைந்தது இன்னும் 26 சதவீதத்தை வாங்கிக்கொள்ள ஓப்பன் ஆஃபர், அதாவது எல்லாருக்கும் பொதுவான விலை அறிவிப்பு, விட வேண்டும். 25-ஐயும் 26-ஐயும் கூட்டினால் 51, கணக்கு எங்கே போகிறது என்று புரியும். அதற்கு முன் 1997 விதியில் இந்தக் கோடு 15-இல் இருந்தது, ஆஃபர் 20-க்குத்தான். ஏற்கெனவே 25-க்கு மேல் வைத்திருப்பவர் வருஷத்துக்கு 5 சதவீதம் வரை ஆஃபர் இல்லாமல் சேர்க்கலாம், ஆனால் குடும்பம் 75-க்கு மேல் போக முடியாது, மிச்சம் 25 பொதுமக்களிடம் இருக்க வேண்டும்.

இந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் பக்கத்துக் கதையே ஒன்று இருக்கிறது. 1998-இல் என். சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ், ஆந்திராவில் பி.வி. ராஜு கட்டி வளர்த்த ராசி சிமெண்ட்டைக் குறிவைத்தது. சந்தையில் பங்கு சேர்த்தது, 300 ரூபாய்க்கு ஆஃபர் விட்டது, ராஜு முரண்டு பிடித்தார், கடைசியில் தன்னிடம் இருந்த சுமார் 32 சதவீதத்தையும் இந்தியா சிமெண்ட்ஸுக்கே விற்றுவிட்டார். இருபத்தாறு வருஷம் கழித்து 2024 ஜூனில் பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் சிமெண்ட், இந்தியா சிமெண்ட்ஸில் சுமார் 23 சதவீதத்தை ஒரே அடியாக வாங்கியது. 25-ஐத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள், தொட்டிருந்தால் அன்றைக்கே ஆஃபர் விட்டிருக்க வேண்டும். அடுத்த மாதமே நிறுவனர் தரப்பின் 32.72 சதவீதம் பங்கு 390 ரூபாய் விலையில் அல்ட்ராடெக்குக்குப் போவது முடிவாகிவிட்டது. அன்றைக்கு ராஜுவிடம் இருந்ததும் 32, இன்றைக்கு சீனிவாசன் தரப்பிடம் இருந்ததும் 32! அந்த முதல் 23 சதவீதம் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? டிமார்ட் கடைகளின் முதலாளி ராதாகிஷன் தமானி தரப்பிடமிருந்து. ஒரு கடைக்காரர் விற்ற பங்கில்தான் கதவு திறந்தது.

அந்தக் கடைக்காரர் தன் சொந்தக் கடையை மட்டும் அப்படித் திறந்து வைக்கவில்லை. 2017-இல் டிமார்ட் சந்தைக்கு வந்தபோது குடும்பத்தின் பங்கு 80-க்கும் மேல், விதிக்காகக் குறைத்த பிறகும் 75-ஐ ஒட்டியே இருக்கிறது. அவ்வளவு வைத்திருப்பவரை யார் என்ன செய்ய முடியும்?

எல்லாரிடமும் 75 இருக்காது. பெங்களூரு ஐ.டி. கம்பெனி மைண்ட்ட்ரீயின் நிறுவனர்களிடம் இருந்தது 13 சதவீதம் போலத்தான். காபி டே சித்தார்த்தா தன் 20.32 சதவீதத்தை 2019 மார்ச்சில் எல் அண்ட் டி-க்கு விற்றதும் அவர்கள் பங்கைத் திரும்ப வாங்கலாமா என்று யோசித்தார்கள், அதையும் கைவிட்டார்கள், சில மாதங்களில் நிர்வாகம் மாறிவிட்டது. அமெரிக்காவில் இந்த மாதிரி நேரத்துக்கென்றே விஷ மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, மார்ட்டின் லிப்டன் என்ற நியூயார்க் வக்கீல் 1982-இல் கண்டுபிடித்தது. வெளியாள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மற்ற எல்லாருக்கும் பாதி விலையில் புதுப் பங்கு கொடுத்து அவன் பங்கை நீர்க்கச் செய்வது. இங்கே அது ஓடாது. புதுப் பங்கு விலைக்கு விதி இருக்கிறது, அதோடு ஆஃபர் அறிவித்த பிறகு புதுப் பங்கு விடவோ முக்கியச் சொத்தை விற்கவோ பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஒரு பங்குக்குப் பத்து ஓட்டு என்று வைத்துக்கொள்ளும் வசதியையும் செபி 2019-இல் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு மட்டும்தான் கொடுத்தது, ஜவுளிக்கடைக்கு இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா, "சரி, அது சந்தைக்காரங்க பாடு. கடைன்னா என்ன மாப்ளே, நாலு செவுரும் சரக்கும்தானே" என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அதில் விஷயம் இருக்கிறது. மில்லை வாங்கினால் மெஷின் வரும். கடையில் இருப்பது கட்டடம், கடனுக்குச் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரி, பெயர்ப் பலகை, அப்புறம் சேலை விரித்துப் போடத் தெரிந்த நாலு பழைய ஆட்கள். அதனால் பங்கையே தொடாமல் கடையை எடுத்துவிடலாம்.

ஃபியூச்சர் குழுமத்துக்கு நடந்தது அதுதான். கிஷோர் பியானி 2001-இல் பிக் பஜாரைத் தொடங்கியவர். 2019-இல் ஃபியூச்சர் கூப்பன்ஸ் என்ற தன் கம்பெனியில் 49 சதவீதத்தை அமேசானுக்குக் கொடுத்து பணம் வாங்கினார், அந்த ஒப்பந்தத்தில் கடைகளை இன்னின்னாருக்கு விற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருந்தது, ரிலையன்ஸ் அதில் இருந்தது. கொரோனாவில் கடன் கழுத்தை நெரித்தது, 2020 ஆகஸ்டில் கடைகளை 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்க முடிவு செய்தார். அமேசான் சிங்கப்பூர் மத்தியஸ்தத்துக்குப் போனது, அங்கிருந்து வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை வந்தது, 2021 ஆகஸ்டில் அமேசான் பக்கம் தீர்ப்பும் வந்தது. எல்லாரும் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வாடகை பாக்கியில் இருந்த பல கடைகளின் வாடகை ஒப்பந்தத்தைக் கட்டட உரிமையாளர்களிடமிருந்து ரிலையன்ஸ் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதையே ஃபியூச்சருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தது. 2022 தொடக்கத்தில் உள்வாடகையும் வரவில்லை என்று 947 கடைகளுக்கு முடிப்பு நோட்டீஸ் போனது. பலகை இறங்கி வேறு பலகை ஏறியது. அந்த வருஷம் ஏப்ரலில் கடன் கொடுத்த வங்கிகள் பழைய விற்பனைத் திட்டத்தை நிராகரித்தன, ஜூலையில் ஃபியூச்சர் ரீடெயில் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஒரு பங்கும் கைமாறவில்லை. ஜெயித்த வழக்குக்குள் கடை இல்லை.

இதனால்தான் பழைய முதலாளிகள் கட்டடத்தைக் கம்பெனி பெயரில் வைப்பதில்லை. கட்டடம் குடும்பத்து ஆள் பெயரில் இருக்கும், கம்பெனி அவருக்கு வாடகை கொடுக்கும். நிர்வாகம் மாறினால் வாடகை ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், கம்பெனியைப் பிடித்தவனுக்குக் கிடைப்பது சரக்கும் கடனும்தான். கடைப் பெயரின் டிரேட்மார்க்கையும் இதே மாதிரி வெளியே வைப்பார்கள். மாமாவும் அப்படித்தான், கட்டடம் அவர் பெயரில் இருக்கிறது. தற்காப்பாக இது அருமையான ஏற்பாடு. ஆனால் வாடகை எவ்வளவு என்று முடிவு செய்பவரும் வாடகை வாங்குபவரும் ஒரே ஆள் என்றால், கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் மற்றச் சொந்தக்காரர்கள் அதை வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த கதை பாரிஸில் நடந்தது. 1837-இல் குதிரைச் சேணம் தைக்கத் தொடங்கிய ஹெர்மெஸ் குடும்பம், ஆறு தலைமுறையாகக் கடை நடத்துகிறது. 1993-இல் பங்கில் ஒரு பகுதியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், சொந்தக்காரர்களில் காசு வேண்டுபவர்கள் சண்டை இல்லாமல் விற்றுக்கொள்ளவும் அது வழிவிட்டது. 2010 அக்டோபரில் பெர்னார் ஆர்னோவின் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச், எங்களிடம் 17 சதவீதம் இருக்கிறது என்று திடீரென்று அறிவித்தது. வங்கிகளோடு செய்த ஒப்பந்தங்கள் வழியாகச் சத்தமில்லாமல் சேர்த்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. இந்த விஷயத்துக்காகப் பிறகு 80 லட்சம் யூரோ அபராதமும் கட்டினார்கள்.

குடும்பத்திடம் அப்போது 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. மாமா கேட்டார், "எழுபது வெச்சிருக்கறவன் எதுக்கு பயப்படணும்?" பயப்பட வேண்டியதுதான், ஏனென்றால் அந்த எழுபது ஒரு ஆளிடம் இல்லை. ஐம்பது அறுபது பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளிடம் சிதறிக் கிடந்தது, அதில் பாதிப் பேர் கடைப் பக்கமே வராதவர்கள், வாங்க வந்தவன் கையிலோ பணம் கொட்டிக் கிடந்தது, பங்கு விலை ஏற ஏற விற்றுவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றினால் போதும். ஆகவே 2011 முடிவில் ஐம்பதுக்கு மேற்பட்ட சொந்தக்காரர்கள் தங்கள் பங்கில் 50.2 சதவீதத்தைக் கொண்டுவந்து எச்51 என்ற தனிக் கம்பெனியில் பூட்டினார்கள், இருபது வருஷத்துக்கு விற்பதில்லை என்று ஒப்பந்தம். எல்லாரும் சேரவும் இல்லை. 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்த நிக்கோலா புயெக் என்ற வாரிசு அந்தப் பெட்டிக்குள் வரவில்லை. இருந்தாலும் எச்51-ஐ உடைக்க வழி இல்லாமல் போனது. 23 சதவீதம் வரை ஏறிய எல்விஎம்எச், 2014 செப்டம்பர் சமரசத்தில் அந்தப் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டு விலகியது.

பூட்டிய நேரத்தைப் பாருங்கள். வெளியாள் வந்த பிறகு பூட்டினார்கள். அதற்குள் எட்டுப் பேர் விற்றிருந்தால்? பங்கு சிதறிப்போன குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை ஜப்பானில் பார்த்தோம். செவன் இலெவன் கடைகளின் தாய்க் கம்பெனியில் நிறுவனர் இட்டோ குடும்பத்திடம் மிஞ்சியது சுமார் 8 சதவீதம். 2024 ஆகஸ்டில் கனடாவின் கடைத்தொடர் கூஷ்டார் வாங்க வந்ததும், குடும்பம் தானே முழுக் கம்பெனியையும் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பியது, கூட வருவதாக இருந்த வர்த்தக நிறுவனம் இட்டோச்சு 2025 பிப்ரவரியில் பின்வாங்கியதும் அந்தத் திட்டம் விழுந்தது. ஜூலையில் கூஷ்டாரும் வேண்டாம் என்று போய்விட்டது. கம்பெனி தப்பியது என்று சொல்லலாம், ஆனால் இந்த அமளிக்கு நடுவில் குடும்பம் முதன்முதலில் நடத்திய இட்டோ யோக்காடோ சூப்பர் மார்க்கெட்டுகளின் பெரும்பங்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பெயின் கேப்பிடலுக்குப் போவது முடிவாகிவிட்டது.

நம் பக்கத்தில் சரியாகச் சமாளித்தவர்கள் என்று கல்யாண் ஜூவல்லர்ஸைச் சொல்வேன். திருச்சூரில் நிலைத்த தமிழ்க் குடும்பம், 1993-இல் முதல் நகைக்கடை. வளர்வதற்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வார்பர்க் பின்கஸிடம் பணம் வாங்கினார்கள், 2021-இல் சந்தைக்கு வந்தார்கள். இப்படிப் பணம் போட்டவர் ஒரு நாள் வெளியேறுவார், அவர் பங்கு யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. 2024 ஆகஸ்டில் வார்பர்க் விற்றபோது டி.எஸ். கல்யாணராமனே முன்வந்து 2.36 சதவீதத்தை 535 ரூபாய் விலையில், மொத்தம் 1,300 கோடிக்கு, வாங்கிக்கொண்டார். குடும்பத்தின் பங்கு ஏறக்குறைய 63 ஆனது. செலவு பெரிசுதான்.

இந்தக் கதைகள் எதுவும் மாமாவை அசைக்கவில்லை. "நம்மளது பிரைவேட் லிமிடெட், யாரும் வர முடியாது" என்றார். சரி, பெட்டியைத் திறங்கள் என்றேன்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரோடு பதித்த இரும்புப் பெட்டி, தாத்தா காலத்தது. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றிய ஷேர் சர்ட்டிபிகேட்டுகள், ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. மாமாவுக்கு 40 சதவீதம். இறந்துபோன சின்ன மாமாவின் 30 இப்போது அவர் மகன் பெயரில், கோயம்புத்தூரில் இருக்கிறான். என் அம்மாவுக்கும் சித்திக்கும் ஆளுக்கு 15. அடியில் ஒரு காக்கி உறை இருந்தது. அதற்குள் மச்சான் கையெழுத்துப் போட்ட பங்கு மாற்றப் படிவத்தின் ஜெராக்ஸ், வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. ஒரிஜினல் கோயம்புத்தூரில் ஒரு பைனான்சியரிடம் இருக்கிறது, கடனுக்கு ஈடாக. மாமாவுக்கு விஷயம் தெரியும், "அது சும்மா ஒரு பேச்சுக்கு" என்றார்.

அந்தப் படிவம் கையெழுத்தான 60 நாளுக்குள் கம்பெனிக்கு வந்தாக வேண்டும், இது எப்போதோ தாண்டிவிட்டது. போர்டு மறுக்கலாம், 30 நாளுக்குள் காரணத்தோடு சொல்ல வேண்டும், வாங்கியவர் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்கள் பதிவு அலுவலகம் கொழிஞ்சாம்பாறை என்பதால் கொச்சிக்கு. கோபாலபுரம் தாண்டி ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பொள்ளாச்சியில் பதிவு செய்திருந்தால் அதே சண்டை சென்னையில் நடக்கும், அது வேறு கதை. ஆனால் பங்கை மாற்றாமலே ஓட்டை மாற்றலாமே. மச்சான் பெயரிலேயே பங்கு இருக்கட்டும், கூட்டத்தில் பைனான்சியர் சொல்கிறபடி கை தூக்கினால் போதும். அவனுடைய 30, அம்மாவின் 15, சித்தியின் 15, மொத்தம் 60. டைரக்டரை நீக்கச் சாதாரணத் தீர்மானம் போதும், அதாவது பாதிக்கு மேல். 10 சதவீதம் வைத்திருப்பவர் கூட்டம் கேட்கலாம். எல்.ஐ.சி.-க்கும் எஸ்கார்ட்ஸ் என்ற டிராக்டர் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் 1985 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னதே அதுதான், பங்குதாரர் டைரக்டரை மாற்ற விரும்பினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சண்டையைத் தொடங்கி வைத்தது 1983-இல் லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால் வாங்கிய பங்குகள். அவர் விலகிப் போனார், தீர்ப்பு நிலைத்துவிட்டது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா சொல்லியிருக்காரு, யாராச்சும் விக்கறதுன்னா மொதல்ல குடும்பத்துல கேக்கணும்னு" என்றார்.

சொன்னால் போதாது. வி.பி. ரங்கராஜ் வழக்கு என்று ஒன்று இருக்கிறது, சுப்ரீம் கோர்ட் 1991 நவம்பரில் தீர்த்தது. குடும்பக் கம்பெனி, மொத்தமே 50 பங்கு, இரண்டு கிளைக்கும் தலா 25, விற்பதானால் தன் கிளைக்குள்தான் முதலில் கேட்க வேண்டும் என்று வாய்ப்பேச்சு. ஒருவர் வெளியே விற்றுவிட்டார். அந்தக் கட்டுப்பாடு கம்பெனியின் விதிகளில் எழுதப்படவில்லை, அதனால் கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. எங்கள் கம்பெனி விதிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் நகலெடுக்கிற மாதிரிப் படிவம்தான், முதலில் குடும்பத்துக்கு என்ற வரியே இல்லை.

அதைச் சேர்க்கலாம். யார் விற்றாலும் மற்றவர்களுக்கு முதல் உரிமை, விலையை வெளி மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும், அடகு வைத்தால் போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே பைனான்சியருக்கு மாமா பணத்தைக் கட்டி, படிவத்தை வாங்கிக் கிழித்தார், மச்சானும் சம்மதித்துவிட்டான். ஆனால் விதியை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், ஆதரவு ஓட்டு எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். மாமாவும் மச்சானும் சேர்ந்து 70. அம்மாவும் சித்தியும் எதிர்த்தால் 30, மூன்று மடங்கு 90. விழுந்துவிடும்.

காகிதத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தாள். "இதுல போட்டா வெளிய விக்க முடியாது, அப்படித்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "வெச்சிருந்தா என்னடா கெடைக்குது?"

ஓணத்துக்கு ஒரு செட் முண்டு, தீபாவளிக்கு ஒரு சேலை. சித்திக்கும் அதேதான், கலர் மட்டும் மாறும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். மாமாவும் எடுத்துக் கொடு என்றார். பத்து வருஷத்துக் கணக்கை மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன், அவர் சம்பளமும் கட்டட வாடகையும் வருஷா வருஷம் ஏறியிருக்கின்றன, டிவிடெண்ட் என்ற வரிக்கு நேராக எல்லாப் பக்கத்திலும் ஒரு சின்னக் கோடு.